கத்தி அலகில் உங்கள் பெயர் இருக்கட்டும்: டெல்டாவின் கொல்லுப்பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இன்னும் உலை அணையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பட்டறைக்கார ஐயாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் இராஜகிரிப் பக்கம் வெற்றிலை பயிரிடும் ஒரு கொடிக்கால்காரர் மகள். மடக்குக்கத்தி செய்து விற்கும் தொழில் ஒன்றைத் தொடங்கப் போகிறேன். பழைய மடக்குக்கத்திதான், ஆனால் இன்றைக்கு ஏற்ற மாதிரி. வேலை சுத்தமாக இருக்கும், துல்லியமாக மூடும், கடையில் பத்துப் பொருளுக்கு நடுவில் வைத்தாலும் எடுத்துப் பார்க்கத் தோன்றும். நீங்கள் இல்லாமல் இதைத் தொடங்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பாவிடம் ஒரு கத்தி இருந்தது. மடக்கினால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். பூவரசுப் பிடி, இரண்டு பித்தளை ஆணி, மூன்று அங்குல அலகு. முப்பது வருஷம் தீட்டித் தீட்டி அலகின் நடுப்பகுதி பிறை மாதிரி உள்வாங்கியிருந்தது. வேட்டி மடிப்பில் சுருட்டி வைத்திருப்பார். வெற்றிலைக் கட்டுக்கு வாழைநார் கிழிப்பது அதில்தான், எனக்குப் பென்சில் சீவித் தருவதும் அதில்தான். யார் கேட்டாலும் கையில் கொடுக்க மாட்டார். திண்ணையில் வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து மடக்கும்போது பிடிக்குள் அலகைப் பிடித்து நிறுத்தும் எஃகு வில் ‘டக்’கென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா சாப்பிட வருகிறார் என்று அம்மா இலை போடுவார்.

அதை அடித்துக் கொடுத்தவர் எங்கள் தெருக்கோடிப் பட்டறைக்காரர். அவர் பெயர் கத்தியில் எங்கும் இல்லை. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் ‘யார் செய்தது?’ என்றுதான் கேட்கிறார்கள். ‘எங்கள் ஊர்ப் பட்டறை’ என்பதற்கு மேல் அந்தக் கத்தியில் காட்ட ஒன்றும் இல்லை. இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப் போகிறது என்றால் மே மாதமே உங்கள் வாசலில் மண்வெட்டியும் ஏர்க்கொழுவும் காய்ச்சி அடிக்கக் குவிந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அறுவடை இயந்திரம் வந்தபின் கதிர் அறுக்கும் கருக்கரிவாள் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரரின் மகன் இப்போது வெல்டிங் வைத்து கேட், கிரில் செய்கிறார். பிழைப்பு நடக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலைச் சூட்டைக் கண்ணால் அளக்கத் தெரிந்த கை அது. கிரில் வேலைக்கு அந்தக் கண் தேவைப்படுவதே இல்லை.

மடக்குக்கத்தி நமக்குப் புதிதல்ல. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. மரத்திலோ தந்தத்திலோ பிடி, எழுத்தாணியை மடக்கி அதற்குள்ளேயே அடக்கிவிடலாம். ஓலை வாருகிற, அதாவது எழுதுவதற்கேற்ப ஓலையைச் சீவுகிற, கத்தியும் சிலவற்றில் அதே பிடியில் சேர்ந்திருக்கும். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-இல் பிறந்து, திருவாவடுதுறையில் பாடம் கேட்ட உ.வே.சா. காலத்துப் பிள்ளைகள் எழுத்தாணி பிடித்து வளர்ந்தவர்கள். ஐரோப்பாவில் இறகுப் பேனாவைச் சீவிய கத்தி இங்கே வந்து பேனாக்கத்தி என்று பெயர் வாங்கியது. நம் பக்கம் ஓலை வாரிய கத்தி எழுத்தாணியோடு ஒரே பிடியில் இருந்தது. இரண்டும் எழுதுகிறவன் மடியில் இருந்த கத்திதான். என் முதல் கத்தியின் வடிவத்தை மடக்கெழுத்தாணியிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். பிடி நீளம், ஒல்லி, ஓரங்கள் உருண்டை.

பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் கோடரியும் கவாத்துக் கத்தியும் அடித்துக்கொண்டிருந்த ஒரு பட்டறை வீட்டுப் பிள்ளை, ஜோசப் ஒப்பினெல், 1890-இல் ஊர் விவசாயிகளுக்கென்று ஒரு எளிய மடக்குக்கத்தி செய்தார். மரப்பிடி, ஒரே அலகு, அவ்வளவுதான். இன்றைக்கு அது உலகம் முழுக்க விற்கிறது, அந்தக் குடும்பப் பெயரிலேயே. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அது முடியும் என்று நான் நம்புகிறேன்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். வெல்டிங் வைத்திருக்கும் அந்த அண்ணனைக் கெஞ்சி, அவர் அப்பாவின் பழைய உலையை மூட்டவைத்து, பத்துக் கத்தி செய்தோம். ஆறு தேறின. மூன்றில் ஒரே வாரத்தில் வில் உடைந்தது. ஒன்றில், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியதும் அலகில் மயிரிழை மாதிரி விரிசல். உடைந்த வில்லை எடுத்துக்கொண்டு வேறொரு ஊரில் ஒரு பெரியவரிடம் போனேன். உடைந்த முனையை வெயிலில் திருப்பிப் பார்த்தார். “மணல் மணலா இருக்கு பாரும்மா. சூடு மிஞ்சிப்போச்சு” என்றார். அப்புறம் ஒரு துண்டை எடுத்து, அளவாகக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மேலே தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி தணலுக்கு மேலே மெதுவாகக் காட்டினார். முதலில் வைக்கோல் நிறம் ஓடியது. “அலகுன்னா இங்கே நிறுத்திடணும்.” இன்னும் காட்டினார். பழுப்பு, கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். “வில்லுக்கு இது வரைக்கும் வரணும். அப்பதான் வளைஞ்சு திரும்பும்.” வைக்கோல் நிறத்துக்கும் நீலத்துக்கும் இடையில் எழுபது, எண்பது டிகிரி வித்தியாசம். அதை அவர் தெர்மாமீட்டர் இல்லாமல், பேச்சை நிறுத்தாமல் பிடித்தார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்தத் தொழில் உங்கள் பட்டறையில்தான் நடக்க வேண்டும் என்று. அதற்கு முன்னால் ஒரு வியாபாரி எனக்குச் சொன்ன யோசனை வேறு. கத்தியை வெளியிலிருந்து மொத்தமாக வரவழைத்து, பிடியில் பெரிய கோயில் கோபுரத்தை லேசரில் பொறித்து, ‘தஞ்சாவூர்க் கத்தி’ என்று விற்றுவிடலாம், மூன்று மடங்கு லாபம் என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் ஊர்க்காரர் கை படாத பொருளுக்கு நம் ஊர்ப் பெயரை வைப்பது பொய். அதை என்னால் செய்ய முடியாது.

வேலையை எப்படிப் பிரிக்கலாம் என்று நான் நினைப்பது இது. அலகும் வில்லும் உங்களுடையது: அடிப்பது, தோய்ப்பது, தீட்டுவது. பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை வேண்டாம். வருஷக்கணக்கில் பாரம் சுமந்ததில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், மூன்று அங்குல அலகில் அது வந்து காட்டிக்கொடுக்கும். புது ஸ்பிரிங் எஃகு நான் வாங்கித் தருகிறேன். அச்சாணித் துளை கும்பகோணத்தில் ஒரு கடைசல் பட்டறையில் போடப்படும், ஏனென்றால் அது இம்மி விலகினாலும் அலகு ஆடும். பிடியின் இரு முனைக்கும் பித்தளை, நாச்சியார்கோயிலில் விளக்கு வார்ப்பவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். மரம் என்னிடம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கம் என் மாமா வீட்டுக் கொல்லையில் சாய்த்த வாகையும் பூவரசும் அறுத்து அடுக்கியபடி அன்றுமுதல் காய்கின்றன.

போலீஸ் தொந்தரவு வருமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அந்தப் பயம் நியாயமானது. 2021-இல் ரவுடிகள் மீது நடவடிக்கை எடுத்தபோது, கத்தி வாங்குகிறவர் பெயர், முகவரியெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று பட்டறைகளுக்குச் சொன்னார்கள். ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுதான் உரிமம் கேட்கும் வகையில் வருகிறது. அதிலும் வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இவற்றுக்கென்று செய்தவைக்கு விலக்கு உண்டு. நம் அலகு நீளம் 3 அங்குலம், அகலம் முக்கால் அங்குலம்கூட வராது. பொத்தானை அழுத்தினால் பாய்கிற கத்தியை நான் ஒருபோதும் விற்க மாட்டேன். நகம் மாட்டும் பள்ளத்தில் விரல் வைத்து, இரண்டு கையாலும் நிதானமாகத் திறக்க வேண்டிய கத்தி இது. வாங்குகிறவர் விவரப் பதிவேட்டை நானே வைத்துக்கொள்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன்.

காசு விஷயத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கத்தி 1,600 ரூபாய்க்கு விற்கும். அலகுக்கும் வில்லுக்கும் சேர்த்து உங்களுக்கு 600, கரியும் எஃகும் என் செலவு. பாதிப் பணம் முன்னாலேயே. முதல் ஆறு மாதம் தேறாத கத்திக்கும் கூலி உண்டு, ஏனென்றால் நானும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். மழுங்கிய கத்தியை வாங்கியவர் அனுப்பினால் அதைச் செய்த பட்டறைக்கே வரும், தீட்டுக் கூலி தனி. இந்தத் தொகை போதாது என்று தோன்றினால் சொல்லுங்கள், விலையைக் கூட்டலாமா என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். உங்கள் கூலியைக் குறைத்து விலையைக் குறைக்கும் பேச்சு மட்டும் கிடையாது.

இன்னொன்று, இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு அலகிலும், அச்சாணிக்குப் பக்கத்தில், செய்தவர் பெயரும் ஊரும் தமிழில் உளியால் பொறிக்கப்படும். என் பிராண்ட் பெயர் பெட்டியின் மேல் இருந்தால் போதும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கத்தி இருக்கும், பேரன் கைக்கும் போகும்.

சம்பா அறுப்பு முடிந்து, தை கடைசியிலிருந்து ஊர் ஊராக வருகிறேன். அப்பாவின் கத்தியையும், உடைந்த மூன்று வில்லையும், புது எஃகில் கொஞ்சமும் கொண்டுவருவேன். உங்கள் பரணில் பழைய மடக்குக்கத்தியோ எழுத்தாணியோ துருப்பிடித்துக் கிடந்தாலும் எடுத்து வையுங்கள், பார்க்க வேண்டும். உலை மட்டும் மூட்டியிருக்கட்டும்.

இப்படிக்கு,
இராஜகிரிப் பக்கத்துக் கொடிக்கால்காரர் மகள்