இடாப்பிலிருந்து தொடங்குங்கள்

மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் வரலாற்றுப் பாடத்திட்டம் வகுப்போருக்கு,

வணக்கம். யூத இனவழிப்பைக் கற்பிக்கும் பாடத்தை ஹிட்லரின் வெறியிலும் பிணக்குவியல் படங்களிலும் தொடங்காதீர்கள். வெறியன் ஒருவன் செய்தான் என்று முடித்துவிட்டால் பிள்ளைக்கு விளங்கிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. படத்தைக் காட்டினால் பின்வாங்கில் சிரிக்கும், முன்வாங்கில் முகத்தைத் திருப்பும். அலுவலகக் கோப்பில், ஆட்களின் பெயர் பதிந்த இடாப்பில் தொடங்குங்கள். மூன்று பாடவேளை போதும். அவை அடுத்தடுத்து வர வேண்டும்.

முதலாவதில் நாசி ஜேர்மனியின் திகதிகள். 1935 செப்டம்பரில் யூதரின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பேர்க் சட்டங்கள். அதே நவம்பரில், பாட்டன் பாட்டி நால்வரை வைத்து யார் யூதர் என்று வரையறுத்த ஒழுங்குவிதி. 1938 ஒக்டோபரில் கடவுச்சீட்டில் யூதர் என்று காட்டும் ‘ஜே’ முத்திரை. 1939 மே குடிசன மதிப்பீட்டில் பாட்டன் பாட்டியரைப் பற்றிக் கேட்கும் தனி அட்டை. எல்லாமே போர் தொடங்குமுன் நடந்தவை. ஒவ்வொன்றையும் செய்ய எந்த அலுவலர் வேண்டும் என்று மாணவர் எதிரே எழுதட்டும். எழுதுவினைஞர், பதிவாளர், கணக்கெடுப்பாளர் என்று பலகை நிரம்பிவிடும்.

இரண்டாவதில் ஜேர்மனியின் பிடியிலிருந்த நெதர்லாந்து. 1941 ஜனவரியில் யூதர் தம்மைப் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது, பெரும்பாலானோர் பதிந்தார்கள். சுமார் 140,000 பேரில் ஏறத்தாழ 102,000 பேர் கொல்லப்பட்டார்கள். பக்கத்து பெல்ஜியத்தில் கொல்லப்பட்டோர் அங்கிருந்த யூதரில் பாதிப்பேருக்கும் குறைவு. இதற்கு இடாப்பு மட்டும் காரணமல்ல, நிலமும் ஆட்சிமுறையும் வேறுபட்டிருந்தன என்பதை ஆசிரியர் வழிகாட்டி சொல்லியே ஆக வேண்டும். இல்லையேல் ஒற்றைக் காரணக் கதையாகிவிடும். 1943 மார்ச் 27 இரவு, பொலிஸ் சீருடையில் வந்த எதிர்ப்பியக்கத்தினர், குடிமக்களின் பதிவு அட்டைகள் இருந்த ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீ வைத்தார்கள். தீயணைப்புப் படை வேண்டுமென்றே தாமதித்தது. பிறகு அட்டைகள் ஊறிக் கெடும்படி தண்ணீரை அள்ளி இறைத்தது. அழிந்தது ஒரு பகுதிதான். இதற்காக எதிர்ப்பியக்கத்தினர் பன்னிருவர் பின்னர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அட்டைகளை எரிக்க உயிரை ஏன் பணயம் வைத்தார்கள் என்ற ஒரு கேள்விக்கு இருபது நிமிடம் கொடுங்கள்.

மூன்றாவது கொழும்புக்கு வர வேண்டும். 1983 ஜூலையில் இந்த நகரில் தமிழரின் வீடு தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. 1994 இனவழிப்பின்போது றுவாண்டாவின் வீதித்தடைகளில் அடையாள அட்டையின் இனக்குறிப்பே ஆளைக் காட்டிக்கொடுத்தது. இவற்றை ஒன்றுக்கொன்று சமன்படுத்தத் தேவையில்லை. சமன்படுத்தினால் வகுப்பு எண்ணிக்கைச் சண்டையில் முடியும். வாக்களிக்கத் தயாரித்த தாள் எப்படி வாசலுக்கு வழிகாட்டியது என்பதைக் கேட்டால் போதும்.

முள்ளிவாய்க்கால் இனவழிப்பா என்று யாராவது கேட்பார்கள். ‘அரசியல் பேசாதே’ என்று அடக்கினால் முன்னைய இரண்டு பாடவேளையும் வீண். இனவழிப்பு எது என்று வரையறுக்கும், ஐ.நா.வின் 1948 இனவழிப்புச் சாசனத்தின் இரண்டாம் உறுப்புரையைத் தமிழில் கையில் கொடுங்கள். இலங்கை அதில் 1950இல் இணைந்தது. கூடவே, இறுதிப்போரில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்ற ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கைப் பகுதியையும் கொடுங்கள். சாசனம் கேட்பது எண்ணிக்கையை அல்ல, அழிக்கும் நோக்கத்தை. அதை எப்படி நிரூபிப்பது என்று பிள்ளைகள் வாதிடட்டும்.

காவலர், கைதி என்று பிரித்து நடிக்க வைக்கும் செயற்பாடு வழிகாட்டியில் அறவே வேண்டாம். ஒன்றில் அது விளையாட்டாகும், அல்லது காவலர் வேடம் யாருக்காவது பிடித்துப்போகும். சோதனைச்சாவடிக் கதைகளை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் அந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

பரீட்சையில் கொல்லப்பட்ட யூதர் ‘60 இலட்சம்’ என்று எழுதினால் ஒரு புள்ளி என்ற வினாவையும் விடுங்கள். அந்த 1939 அட்டையின் தமிழாக்கத்தைக் கொடுத்து, கணக்கெடுப்புக்குத் தேவையற்ற கேள்வி எது, ஏன் என்று கேளுங்கள். மூன்றாம் பாடவேளை சிங்கள வழிகாட்டியிலும் வரிக்கு வரி இதேபோல் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் அச்சிடுவதாக இருந்தால் எங்களுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
கொழும்பில் தமிழ்மொழி மூலம் வரலாறு கற்பிப்போர்