பழைய பென்ஸும் பேஜோவும் இரும்புக்கடைக்குத்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுவரெலியா ஏப்ரல் சீசனுக்கு வரும் பழைய கார்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மொரிஸ் மைனர், ஒஸ்டின் மாதிரி வண்டிகளைத்தான் கிளாசிக் என்று சொல்லலாமாம். 70, 80களில் வந்த பெரிய பென்ஸ், பேஜோ, டொயோட்டா கிரவுன் எல்லாம் வெறும் பழைய கார்தானாம், புகை கக்கிக்கொண்டு ரோட்டில் நிற்பதை விட இரும்புக்கடைக்குப் போவது நல்லதாம். ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பிழைப்புக்காகப் பேசுகிறான் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

வயதுதான் பிரச்சினை என்றால் அது சீக்கிரம் முடிகிற பேச்சு. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா கேட்பது 30 வருடம். ஜேர்மனியிலும் 30 தான், அங்கே அப்படிப்பட்ட காருக்கு நம்பர் தகட்டிலேயே 'எச்' என்று ஓர் எழுத்துச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 40 தாண்டினால் வீதி வரி கிடையாது. இந்தியா 2021இல் விதி போட்டபோது 50 என்று கொஞ்சம் கறாராக இருந்துவிட்டது. பேஜோ 504 வந்தது 1968இல், அடுத்த வருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசையும் வாங்கியது. ஆரம்பகால 504 இந்தியாக்காரர்களின் கணக்கையும் தாண்டியாயிற்று. 1976இல் வந்த டபிள்யூ123 பென்ஸ் வரிசையின் கடைசி வண்டிகளுக்கே 40 வயது ஆகிவிட்டது.

ஏராளமாகச் செய்த கார் எப்படிக் கிளாசிக் ஆகும் என்று கேட்பவர்களும் உண்டு. டபிள்யூ123 உலகம் முழுக்க 25 லட்சத்துக்கு மேல் போனது உண்மைதான். ஆனால் மொரிஸ் மைனர் மட்டும் என்ன, கைவிரல் விட்டு எண்ணுகிற அளவா செய்தார்கள்? அதுவும் 16 லட்சத்தைத் தொட்ட வண்டி, அந்தக் காலத்துச் சாதாரணக் குடும்பக் கார். அதற்குக் கிடைத்த மரியாதை இதற்கு ஏன் கிடைக்கவில்லை என்றால், என் அபிப்பிராயத்தில் காரணம் முகம்தான். மைனர் வட்டக் கண்ணோடு சிரிப்பது போல இருக்கிறது, சின்னப் பிள்ளைகளும் கிட்ட வந்து நிற்கும். பெரிய பென்ஸைப் பார்த்தால் யாரோ அதிகாரி கணக்குக் கேட்க வந்தது போல இருக்கிறது. அதனால் யாருக்கும் அதன் மேல் ஆசை வருவதில்லை.

ஃபிவா சொல்வதில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது, எனக்கு அதோடுதான் சண்டை. அந்தக் காரை அன்றாடப் போக்குவரத்துக்குப் பாவிக்கக் கூடாதாம். வெளிநாட்டில் அது சரியாக இருக்கலாம், அங்கே ஒருவருக்கு வேலைக்குப் போக வேறு கார் இருக்கும். இங்கே ஒரு 240 டி, அதாவது டீசல் பென்ஸ், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்றால் அது தினமும் ஹயர் ஓடுவதால்தான், ஓடாமல் நின்றவையெல்லாம் மழையில் தரைத்தகடு உக்கி மண்ணாகிவிட்டன. கிரேக்க நாட்டில் ஒரு டாக்சி சாரதி வைத்திருந்த 1976ஆம் ஆண்டு 240 டி ஒன்று 46 லட்சம் கிலோமீற்றர் ஓடி முடித்தது, அந்தக் காரை 2004இல் பென்ஸ் கம்பெனியே தன் மியூசியத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டது. அது கண்ணாடி அறையில் பூட்டி வைத்திருந்த கார் இல்லை, ஆள் ஏற்றி இறக்கிய வாடகைக் கார். செய்தவனே அதை மியூசியத்தில் வைத்த பிறகு நமக்கென்ன கூச்சம்?

சரி, புகை. எங்கள் பக்கத்தில் பழைய டீசல் கார் கறுப்பாகப் புகைப்பதற்கு ஒரு காரணம் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று மெலிது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டேர்போ இல்லாத அந்த எஞ்சினுக்குக் கொழும்பில் வைத்து டீசல் பம்பைச் செட் பண்ணி அனுப்பினால், மேலே வந்ததும் டீசல் அதே அளவு போகும், அதை எரிக்கக் காற்றுப் போதாது. மிச்சம் கறுப்பாக வெளியே வருகிறது. டீசல் தெளிக்கும் நொசிலைக் கழற்றிச் சோதித்து, எயார் ஃபில்டரை மாற்றி, பம்பைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் புகைப் பரிசோதனையில் தாராளமாகப் பாஸாகும். நீலப் புகை வந்தால்தான் ஒயில் எரிகிறது, செலவு இருக்கிறது என்று அர்த்தம். நீலமா கறுப்பா என்று பாராமலேயே இரும்புக்கடைக்கு அனுப்பச் சொல்வது நியாயமில்லை.

மலையகத்துக்கு இந்தக் கார்கள் யாரோடு வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டம் பார்க்கக் கொழும்பிலிருந்து வரும் வி.ஏ. துரை, டவுன் முதலாளிமார், டாக்டர், லோயர், இவர்களிடம்தான் பெரிய கார் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அதில் கிடைத்த இடம் ஸ்டியரிங் பின்னால், இல்லாவிட்டால் வாளியும் துணியுமாக வெளியே. முதலாளி புதிது வாங்கியதும் பழையது கைமாறும், இரண்டு மூன்று கை மாறியதும் ஓட்டிக்கொண்டிருந்தவனின் விலைக்கே இறங்கிவிடும். அப்புறம் அதே கார்தான் கல்யாணத்துக்குப் பூ மாலை போட்டுக்கொண்டு போனது, நடு ராத்திரியில் பிரசவ வலியோடு இருந்தவரை லயத்திலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. தோட்டத்து ரோட்டில் 504 ஏன் தாக்குப்பிடித்தது என்று கேட்டால், அந்தக் காரின் நான்கு சில்லுக்கும் தனித்தனியாக நீளமான கொயில் ஸ்பிரிங், பள்ளத்தில் ஒரு பக்கம் இறங்கினாலும் மற்றப் பக்கம் ஆடாது. கென்யாவின் சஃபாரி ரேலியை 1975இலும் 1978இலும் வென்ற வண்டி அது, நம் தோட்டத்து மேல் கணக்கு, அதாவது மேல் பிரிவு, ரோடு அதற்கு என்ன பெரிது.

240 டியைக் காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? சாவியை ஒரு படி திருப்பி விட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், டேஷ்போர்டில் ஒரு சின்ன மஞ்சள் லைட் எரியும், எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக் சூடாகும் வரை அது அணையாது. பழைய மாடலில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் பிடிக்கும். அவசரக்காரன் அதற்குள் செல்ஃபை அடித்து அடித்து பற்றரியைச் சாக்காட்டுவான், பொறுமையானவனுக்கு ஒரே அடியில் எஞ்சின் பிடிக்கும், வண்டி முழுக்க ஒரு தரம் உலுக்கிக்கொண்டு நிதானத்துக்கு வரும். வேகம் என்று ஒன்றும் கிடையாது, மொத்தமே 72 குதிரை வலு. ரம்பொட ஏற்றத்தில் பஸ்காரன் பின்னால் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டே இருப்பான்.

இதற்காக எல்லாப் பழைய காரையும் வரிசையில் நிறுத்தச் சொல்லவில்லை. பெற்றோல் விலைக்குப் பயந்து 504க்கு ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றியவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், நானும் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டுச் சான்றிதழ் அதற்குக் கிடைக்காது. ஆனால் பொடி, சீட், டேஷ்போர்ட் எல்லாம் வந்தபடியே இருந்தால் நான் அதைச் சேர்த்துக்கொள்வேன், ஏனென்றால் அந்த எஞ்சின் மாற்றமும் இந்த நாட்டில் நடந்த கதைதான். ஸ்பிரிங்கை வெட்டிப் பதித்து, நீல லைட் பூட்டி, அலோய் சில்லு போட்டதைச் சேர்க்க மாட்டேன், எவ்வளவு செலவழித்திருந்தாலும் சரி. 90களின் டபிள்யூ124 பென்ஸ் நல்ல கார், 30 வயதும் வந்துவிட்டது. ஆனால் 90களின் முதல் பாதியில் வந்ததில் எஞ்சின் வயர்களின் மேல் உறை தானாக உதிரும், வாங்க நினைப்பவர்கள் பொனட்டைத் திறந்து அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வந்த, எயார் சஸ்பென்ஷனும் ஊர்ப்பட்ட கொம்பியூட்டரும் உள்ள கார்களுக்கு முப்பது வருடம் கழித்து யார் வைத்தியம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, நான் பார்க்க மாட்டேன்.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, கழிக்க இருந்த கார்களுக்கெல்லாம் திரும்ப மவுசு வந்தது, பெயின்ட் அடித்து எடுத்தார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்ததிலிருந்து அந்த மவுசு குறைந்துகொண்டு வருகிறது. ஓடுகிற காரையே துண்டு துண்டாகக் கழற்றிக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு அனுப்பினால் கூடுதல் காசு கிடைக்கிறது. தகட்டில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய நம்பர் வண்டியை மட்டும் நம்பருக்காக யாராவது வாங்கி வைக்கிறார்கள், அதற்குப் பிறகு வந்த, நடுவில் கோடு போட்ட டேஷ் நம்பர் வண்டிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ஏப்ரலில் கார்களை அழைப்பவர்கள் இந்தப் பெரிய சலூன்களுக்கும் ஒரு வரிசை ஒதுக்கட்டும். காரோடு பதிவுப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும், அதில் முந்தைய உரிமையாளர் பெயர்கள் இருக்கும். மேலே கொழும்புக் கம்பெனி, கீழே மஸ்கெலியா ஹயர்காரன், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் காருக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தாலே போதும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வர ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். எல்லாம் சொந்த எஞ்சினில்தான் ஏறி வரும், இழுவை வண்டி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
கராஜ்காரன் ஒருவன்,
ஹட்டன்.