கோப்பை கழுவுகிறவனின் பங்கு

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ தொலைபேசியில் சொன்னதை அம்மாவும் நானும் மறுநாளும் பேசிக்கொண்டிருந்தோம். நீ வேலை செய்யும் உணவகத்தில் ஒவ்வொரு பில்லிலும் சேர்க்கப்படும் 12.5 வீத சேவைக் கட்டணத்தில், வங்கி அட்டைச் செலவு என்று ஒரு பகுதியை முகாமையாளர் கழிக்கிறார் என்றாய்; மிஞ்சியதில் கோப்பை கழுவுகிற பெடியனுக்கும் பங்கு போகிறது என்றாய்; இரண்டும் அநியாயம் என்று முடித்தாய். முதலாவது சட்டப்படியே பிழை. இரண்டாவதில் எனக்கு வேறு கருத்து உண்டு. அதை நேரில் சொன்னால் சண்டையில் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

டிப்ஸ் பங்கீடு பற்றி 2023இல் பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றிலும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, முதலாளியின் கை வழியாகவோ அவருடைய கட்டுப்பாட்டிலோ வரும் டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுவதுமாக வேலை செய்கிறவர்களுக்கே போக வேண்டும். வரியைப் போலச் சட்டம் கழிக்கச் சொல்வதைத் தவிர, அட்டைச் செலவு, நிர்வாகச் செலவு, உடைந்த கிளாஸ் என்று எந்தப் பெயரிலும் ஒரு பென்ஸ்கூட எடுக்க முடியாது. வாடிக்கையாளர் கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் முடிவதற்குள் அந்தக் காசு உங்களிடம் வந்து சேர வேண்டும்.

'எல்லாம் ட்ரொங்க் வழியாகத்தான் போகிறது' என்று உன் முகாமையாளர் சொன்னதை வைத்து மயங்காதே. டிப்ஸை ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கும் ஏற்பாட்டைத்தான் இங்கே ட்ரொங்க் என்கிறார்கள்; பிரெஞ்சில் அது காணிக்கைப் பெட்டியைக் குறிக்கும் சொல். நம் ஊர் உண்டியல்தான். உண்டியலை எண்ணுவதற்குத் தனியாக ஒருவரை வைக்கலாம், ஆனால் தருமகர்த்தா அதில் கைவைக்க முடியாது.

இனி அந்தப் பெடியனைப் பற்றி. நான் லண்டனுக்கு வந்து முதலில் செய்த வேலை கோப்பை கழுவியதுதான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமை இரவுகளைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. கடை பூட்டிய பிறகு, மேசைக்குப் பரிமாறுகிறவர்கள் எவர்சில்வர் மேடையில் சில்லறையைக் கொட்டி, பவுண் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்குவார்கள். கழுவிய கிளாஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் அந்தப் பக்கம் போனால், ஒருவர் தன் முழங்கையை அந்த அடுக்குகளுக்கு முன்னால் வைத்துக்கொள்வார். அவர் கெட்டவர் அல்லர். எனக்கு வேலை பழக்கியவரே அவர்தான். கிறிஸ்மஸுக்கு எனக்கும் ஓர் உறை வரும், அவ்வளவுதான். 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண் என்று குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது, சேவைக் கட்டணத்திலிருந்து எடுத்தே அந்தத் தொகையை நிரப்பினார்கள். அது அன்றைக்குச் சட்டப்படி சரியாகவே இருந்தது. 2009 அக்டோபரில்தான் அந்த வழி அடைபட்டது.

நியாயமான பங்கு என்றால் சமமான பங்கு என்று சட்டத்தோடு வெளியிடப்பட்ட நடைமுறைக் கோவை சொல்லவில்லை. வேலையின் தன்மை, அடிப்படைச் சம்பளம், வேலை செய்த நேரம், அனுபவம், வாடிக்கையாளர் யாரை நினைத்துக் கொடுத்தார் என்பதையெல்லாம் பார்க்கலாம். ஆகவே அவனைவிட உனக்குக் கூடக் கிடைப்பதில் தவறில்லை. எந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள் என்று நீ கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அவனுக்கு ஒன்றுமே போகக்கூடாது என்று கேட்பாயானால், அந்த முழங்கைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிப்ஸ் வழமையாக வருகிற இடத்தில் பங்கீட்டு முறையை எழுத்தில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. முதலில் அதைக் கேள். அடுத்து, எந்தெந்த மாதங்களுக்கு என்று குறிப்பிட்டு, கடைக்கு மொத்தம் எவ்வளவு வந்தது, உனக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்ற பதிவை எழுத்தில் கேள். அவர்கள் அந்தப் பதிவை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், 4 வாரத்துக்குள் உனக்குத் தர வேண்டும். 3 மாதத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம் என்பதால் அவசரப்பட்டு அரைகுறையாகக் கேட்டுவிடாதே. பதில் வராவிட்டால், வேலையிடப் பிணக்குகளில் ஆலோசனையும் சமரசமும் செய்யும் ஏகாஸ் (Acas) அமைப்புக்குத் தொலைபேசி எடு, ஆலோசனை இலவசம். தொழில் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றாலும் முதலில் அவர்களுக்குத்தான் அறிவிக்க வேண்டும். காசைக் கழித்ததைப் பற்றி முறையிட 12 மாத அவகாசம் உண்டு. பதிவு தரவில்லை என்று முறையிட 3 மாதம்தான். இழப்புக்கு ஈடாக 5,000 பவுண் வரை தீர்ப்பாயம் வழங்கலாம்.

மேசையில் விட்டுப்போகும் சில்லறையை யாரிடமும் கொடுக்காமல் நீயே வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தச் சட்டம் அதைத் தொடாது. ஆனால் அதற்கும் வரி உண்டு என்பதை மறக்காதே.

கடிதத்தை நீ தனியாக எழுதுவதைவிட இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதினால் முகாமையாளர் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம். கழித்தது அந்தப் பெடியனின் காசிலும்தான் என்பதால் அவனும் கையெழுத்து வைப்பானா என்று கேட்டுப் பார். அவனுடைய பெயரைக்கூட நீ எனக்குச் சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, திகதிகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா