‘பிளாக்’ சிங்கிள் இல்லீங்க: ராக் ஆல்பம் பக்கம் எழுதுற தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் மக்களே,

நம்ம இணையக் கலைக்களஞ்சியத்துல வெளிநாட்டு ராக் ஆல்பங்களுக்குத் தமிழ்ல பக்கம் எழுதுறவங்கள மொத்தமா ஒரு ஷேர் ஆட்டோல ஏத்திடலாம், அவ்ளோ பேருதான் இருக்கோம். அதுலயும் இப்ப ஒருத்தர் என்மேல கோவமா இருக்காரு. அவர் பேரு வேணாம், அவர் நல்ல தொகுப்பாளர், நான் எழுதின பல பக்கத்துல எழுத்துப்பிழை திருத்தினதே அவர்தான். பேச்சுப் பக்கத்துல ரெண்டு ரெண்டு வரியா சண்டை போட்டுக்கிட்டே இருக்கிறதுக்கு எல்லாருக்கும் சேத்து ஒரே மடலா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

விஷயம் இதுதான். பேர்ல் ஜாம்ங்கிற அமெரிக்க ராக் பேண்டோட 1991 ஆல்பம் ‘டென்’ பக்கத்துல வலது பக்கம் இருக்கிற தகவல் பெட்டியில சிங்கிள்ஸ்னு, அதாவது ஆல்பத்துலருந்து தனி டிஸ்க்கா கடையில வித்த பாட்டுன்னு, ‘அலைவ்’, ‘ஈவன் ஃப்ளோ’, ‘ஜெரமி’, ‘ஓஷன்ஸ்’, ‘பிளாக்’னு அஞ்சு பாட்டு இருந்துச்சு. நான் ‘பிளாக்’க தூக்கினேன். டீ குடிச்சுட்டு வந்து பாத்தா அவர் அத திரும்ப அங்கேயே போட்டிருக்காரு, குறிப்புல “பில்போர்டுல 3வது இடம் வந்த பாட்டு எப்படி சிங்கிள் இல்லாம போகும்?”னு ஒரு கேள்வி. மறுபடி தூக்கினேன், மறுபடி வந்துச்சு, அப்புறம் நான் கைய கட்டிக்கிட்டேன்.

கேள்வி நியாயமானதுதான், அதனால அதுக்கே முதல்ல பதில் சொல்றேன். பில்போர்டுங்கிறது ஒரு அமெரிக்கப் பத்திரிகை, அது போடுறது ஒரு பட்டியல் இல்ல, ஏகப்பட்ட பட்டியல். ‘பிளாக்’ 3வது இடம் வந்தது மெயின்ஸ்ட்ரீம் ராக் பட்டியல்ல, அது ராக் ரேடியோ ஸ்டேஷன்ல எந்தப் பாட்டு எத்தன தடவ ஓடுதுன்னு பாத்துப் போடுறது, கடையில என்ன வித்துச்சுன்னு அந்தப் பட்டியலுக்கு கவலையே கிடையாது. ரேடியோகாரனுக்கு ஆல்பத்துல எந்தப் பாட்டு புடிக்குதோ அத எடுத்து ஓட்டுவான், அதுக்கு அது தனியா டிஸ்க்கா வந்திருக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. பில்போர்டோட முக்கியமான பாட்டுப் பட்டியலான ஹாட் 100 வேற கத. அதுல 1998 டிசம்பர் வரைக்கும் கடையில தனி சிங்கிளா விக்காத பாட்டு நுழையவே முடியாது. இந்த ஒரு ரூல் தெரியலன்னா தொண்ணூறுகள் ராக் பத்தி எந்தப் பக்கம் எழுதினாலும் குளறுபடிதான் ஆகும். நோ டவுட்டோட ‘டோன்ட் ஸ்பீக்’ ரேடியோ பட்டியல்ல 16 வாரம் முதலிடத்துல இருந்துச்சு, ஆனா அமெரிக்காவுல சிங்கிளா விக்கல, அதனால ஹாட் 100 பட்டியல்ல அந்தப் பேரே கிடையாது. அதே பாட்டு பிரிட்டன்ல சிங்கிளா வித்து 1997ல அங்க முதலிடம். கூ கூ டால்ஸோட ‘ஐரிஸ்’ 18 வாரம் ரேடியோவுல முதலிடம், ரூல் மாறினப்புறம்தான் ஹாட் 100க்குள்ளயே வந்துச்சு, வந்து 9வது இடம். சிங்கிள மலிவா வித்தா ஜனங்க முழு ஆல்பம் வாங்க மாட்டாங்கன்னு கம்பெனிகளுக்கு பயம், அதான் ஹிட்டான பாட்டையே தனியா விக்காம வச்சுக்கிட்டாங்க.

சரி, ‘பிளாக்’குக்கு வரேன், எனக்கு உண்மையிலேயே வலிக்கிற இடம் இதுதான். அந்தப் பாட்ட சிங்கிளா விடணும்னு அவங்க ஆல்பத்த வெளியிட்ட எபிக் கம்பெனி கேட்டுச்சு, வீடியோவும் எடுக்கணும்னு கேட்டுச்சு, பேண்டு மாட்டேன்னுட்டாங்க. அது ரொம்ப சொந்தமான பாட்டு, அத வியாபாரத்துல போட்டு நசுக்க வேணாம்ங்கிறது பேண்டோட பாடகர் எடி வெடரோட நெனப்பு. 1992ல ‘டென்’ அமெரிக்க ஆல்பங்கள் பட்டியல்ல 2வது இடத்துக்கு ஏறி நிக்குது, கம்பெனி கேக்குது, புதுசா வந்த பசங்க முடியாதுன்னு சொல்றாங்க, அப்படி சொன்னதுதான் அந்த பேண்டோட கதையிலேயே முக்கியமான இடம். ‘ஜெரமி’ வீடியோவுக்கு அப்புறம் 1998 வரைக்கும் அவங்க புது வீடியோவே எடுக்கல, 1994ல வந்த ‘விட்டாலஜி’யில இருந்த ‘பெட்டர் மேன்’னும் அதே மாதிரி சிங்கிளா விக்காமலே ரேடியோவுல 8 வாரம் முதலிடத்துல இருந்துச்சு. இதெல்லாம் அந்த ஒரு ‘மாட்டோம்’லருந்து வளந்ததுன்னுதான் நான் நெனைக்கிறேன். நாம தகவல் பெட்டியில ‘பிளாக்’ சிங்கிள்னு ஒரு வார்த்தை போட்டோம்னா அந்த மறுப்பு மொத்தமா அழிஞ்சு போச்சு. அவங்க கம்பெனிகிட்ட மல்லுக்கட்டி தடுத்தத, முப்பது வருஷம் கழிச்சு நாம ஒரு கிளிக்ல ரிலீஸ் பண்ணி வச்சிருக்கோம்.

அடுத்து ‘ஜெரமி’. இது சிங்கிள்தான், அதுல சண்டையே இல்ல, ஆனா தேதில இருக்கு கூத்து. நம்ம பக்கத்துல வெறுமனே 1992னு இருக்கு. பிரிட்டன்ல அது சரி, அங்க 15வது இடம் வரைக்கும் போச்சு. ஆனா அமெரிக்காவுல, அந்த பேண்டோட சொந்த நாட்டுல, ‘ஜெரமி’ய கடையில சிங்கிளா விட்டது 1995 ஜூன்ல. அதுவரைக்கும் வேணும்னா வெளிநாட்டுலருந்து இறக்குமதியான டிஸ்க்க கூடுதல் காசு குடுத்து வாங்கணும். 1993ல எம்டிவி விருதுல வருஷத்தோட சிறந்த வீடியோ இதான், மொத்தம் நாலு விருது, பாட்டு ஊருக்கே மனப்பாடம், ஆனா ஹாட் 100ல அது எட்டிப் பாத்தது 1995ல 79வது இடத்துல. தேதி மட்டும் 1992னு போட்டு பக்கத்துல 79னு எழுதினா படிக்கிற புள்ள என்ன நெனைக்கும்? பாட்டு பெருசா ஓடலன்னு நெனைக்கும். நெனைச்சு அப்படியே அசைன்மென்ட்ல எழுதும்.

அதனாலதான் சொல்றேன், சிங்கிளா இல்லையான்னு கேக்கிறதுக்கு முன்னாடி எந்த நாட்டுலன்னு கேளுங்க. ‘ஓஷன்ஸ்’ அமெரிக்காவுக்கு வெளிய மட்டும் வந்த சிங்கிள். ‘எல்லோ லெட்பெட்டர்’னு ஒண்ணு இருக்கே, அது ‘ஜெரமி’ சிங்கிளோட பின்பக்கத்துல வந்தது, ‘டென்’ ஆல்பத்துலயே இல்ல, 2003ல ‘லாஸ்ட் டாக்ஸ்’ தொகுப்புல தான் சேத்தாங்க. ரேடியோவுல ஓடி பட்டியலுக்கு வந்துச்சுங்கிறதுக்காக அதையும் ‘டென்’ சிங்கிள்னு ஒரு புண்ணியவான் போன வருஷம் போட்டிருந்தாரு. பந்தியில உக்காந்தவங்க எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு எழுதிட முடியுமா?

இது பேர்ல் ஜாம் பக்கத்தோட முடியுற பிரச்சினையும் இல்ல. லெட் செப்பலின் நாலாவது ஆல்பம் பக்கத்தப் பாருங்க, ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ சிங்கிள்னு இருக்கு. அமெரிக்காவுல ரேடியோ ஸ்டேஷனுக்கு ப்ரமோ டிஸ்க், அதாவது விளம்பரத்துக்கு இலவசமா குடுக்கிற டிஸ்க், அடிச்சு அனுப்பினாங்க, கடையில விக்கல. எட்டு நிமிஷப் பாட்ட வெட்டிக் குடுங்கன்னா அவங்க குடுக்கவும் இல்ல. அந்த ஆல்பத்துலருந்து அமெரிக்காவுல சிங்கிளா வந்தது ‘பிளாக் டாக்’கும் ‘ராக் அண்ட் ரோல்’லும். ரேடியோஹெட்டோட ‘கிட் ஏ’ 2000ல வந்தப்போ சிங்கிளே விடல, ‘ஆப்டிமிஸ்டிக்’ ரேடியோவுல ஓடுச்சு, அவ்வளவுதான், அந்தப் பெட்டிய காலியா விடுங்க, காலியா இருக்கிறதும் தகவல்தான். பீட்டில்ஸோட ‘சார்ஜன்ட் பெப்பர்’ இன்னும் வம்பு, 1967ல அதுலருந்து சிங்கிள் எதுவும் வரல, 11 வருஷம் கழிச்சு 1978ல தலைப்புப் பாட்டையும் ‘வித் எ லிட்டில் ஹெல்ப்’பையும் ஒட்டி ஒரு சிங்கிள் வந்துச்சு. இத சிங்கிள் இல்லாத ஆல்பம்னு எழுதுறதா, இருக்குன்னு எழுதுறதா? என்னைக் கேட்டா வருஷத்தப் போட்டு ரெண்டையும் எழுதலாம், ஒரு வாக்கியம் கூடுதலா ஆகும், ஆகட்டுமே.

தமிழ்ல நமக்கு இன்னொரு தலைவலி வேற. சினிமா பாட்டுக்கு ‘ஃபர்ஸ்ட் சிங்கிள்’னு யூடியூப்ல விடுறாங்க இல்லையா, அதனால நம்மாளுங்களுக்கு சிங்கிள்னா ஆல்பத்துக்கு முன்னாடி விளம்பரத்துக்கு விடுற பாட்டு, அவ்வளவுதான். கடையில தனியா ஒரு உறையில, தனி கேட்டலாக் நம்பரோட, பின்பக்கம் இன்னொரு பாட்டோட வித்த பொருள் அதுன்னு பாதி பேருக்கு தெரியாது, தெரியாம இருக்கிறது தப்பும் இல்ல, நம்ம ஊர் கேசட் கடையில நான் பாத்ததெல்லாம் முழு ஆல்பம்தான். இதுல சிலர் சிங்கிள ‘தனிப்பாடல்’னு மொழிபெயர்க்கிறாங்க. தனிப்பாடல்னா எனக்கு காளமேகம்தான் ஞாபகத்துக்கு வர்றாரு. ஒரு நூல்ல சேராம தனியா நிக்கிறதுதான் தனிப்பாடல், இதுவோ ஆல்பத்துக்குள்ள இருக்கிற பாட்ட தனியா விக்கிறது, ரெண்டும் நேர் எதிர். சிங்கிள்னே எழுதிட்டுப் போவோம், யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

ஆதாரம் பத்தியும் ஒரு வார்த்தை. கோவமா இருக்கிற நண்பரே, ‘பிளாக்’ சிங்கிள்னு நீங்க குடுத்த மூணு சுட்டியையும் திறந்து பாத்தேன். ரெண்டு, வரிக்கு வரி நம்ம கலைக்களஞ்சியத்தோட பழைய ஆங்கிலப் பக்கத்துலருந்து எடுத்தது, தப்பான எழுத்துக்கூட்டு உட்பட. நாம எழுதினத பாத்து அவன் எழுதுறான், அவன் எழுதினத காட்டி நாம சாட்சி சொல்றோம், இது எங்க போய் முடியும்? மூணாவது சுட்டியில இருந்தது ஒரு ப்ரமோ சிடியோட படம், அதுலயே விற்பனைக்கு அல்லன்னு பெருசா அச்சடிச்சிருக்கு. டிஸ்காக்ஸ் மாதிரி இசை டிஸ்க்குகளப் பட்டியல் போடுற இணையதளம் தேடுறதுக்கு அருமையான இடம், உறை, நம்பர், எந்த நாட்டு அச்சு எல்லாம் கிடைக்கும், ஆனா அதுவும் நம்மள மாதிரி ஜனங்க சேத்து வச்சதுதான், அதனால அதப் புடிச்சுக்கிட்டு அந்தக் கால பத்திரிகை, பட்டியல் புத்தகம்னு போய் உறுதி பண்ணணும்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. பெட்டியில காசுக்கு வித்த சிங்கிள் மட்டும் இருக்கட்டும், தேதி பக்கத்துல நாடு இருக்கட்டும், ரேடியோ ஹிட்ட எல்லாம் கீழ ‘வரவேற்பு’ பகுதியில அந்தந்தப் பட்டியலோட முழுப் பேரு போட்டு எழுதுவோம், வெறும் ‘பில்போர்டு’னு எழுதாம. ஸ்ட்ரீமிங் காலத்து ஆல்பத்துக்கு இது அப்படியே பொருந்தாதுன்னு தெரியும், இப்பல்லாம் கம்பெனியே ரேடியோவுக்கு அனுப்புற தேதியத்தான் சிங்கிள் தேதின்னு சொல்லுது, அதுக்குத் தனியா பேசிக்கலாம். 1991 ஆல்பத்துக்கு 1991 கணக்கு.

‘பிளாக்’ இப்பவும் பெட்டியிலதான் இருக்கு, நான் கைய வைக்கல. அது ஏன் சிங்கிளா வரலங்கிற கதைய நாலு வரியா எழுதி பேச்சுப் பக்கத்துல போட்டிருக்கேன், படிச்சுப் பாத்துட்டு நீங்களே பெட்டியிலருந்து எடுத்து அந்த நாலு வரிய உள்ள போட்டீங்கன்னா எனக்கு சந்தோஷம், பேரு உங்க கணக்குலயே இருக்கட்டும். அப்படியே ‘ஓஷன்ஸ்’ எந்தெந்த நாட்டுல வந்துச்சுன்னு யார்கிட்டயாவது அந்த சிடியோட உறை இருந்தா பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, அந்தப் பக்கம் ரெண்டு வரியோட அநாதையா கிடக்கு.

அன்புடன்,
உங்க ஷேர் ஆட்டோல கடைசி சீட்டு