வாகனத்தில் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்: காஸ் நிரப்புமுன் அளந்து பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி காலத்தில் ஹபரணை, கந்தளாய் வழியாக இரவில் திருகோணமலைக்குத் திரும்பும் சாரதிகளுக்கு, முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் நீராவி எத்துணை இடரானது என்பது நன்கு தெரியும். யானைகள் குறுக்கே வரக்கூடிய அந்த வீதியில், கண்ணாடியின் ஒரு பாதி தெளிந்தும் மறு பாதி மங்கியும் இருப்பது உயிர் சம்பந்தமான விடயம். ஏசி காற்றின் ஈரத்தை அகற்ற, ஹீட்டர் அந்தக் காற்றை இளஞ்சூடாக்க, இரண்டும் சேர்ந்தே கண்ணாடியைத் தெளிவிக்கின்றன. ஆகவே, திருகோணமலை வெக்கைக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பது சரியன்று.

இதை எழுதத் தூண்டியது எமது பகுதிக் கராஜ்கள் சிலவற்றில் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கம். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் காற்று வருகிறது என்று சொன்னவுடன், எதையும் அளக்காமல் ஏசியில் குளிரூட்டும் காஸை நிரப்புகிறார்கள். அதனால் பயன் கிட்டாவிட்டால் டாஷ்போர்ட்டைக் கழற்றத் தொடங்குகிறார்கள். காற்றைச் சூடாக்கும் நுண்குழாய்த் தொகுதியான ஹீட்டர் கோர் ஒழுகினால் அதற்குச் செல்லும் இரு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வாகனத்தைத் திருப்பித் தருவதும் உண்டு. அதன்பின் அந்த வாகனத்தில் கண்ணாடியைத் தெளிவிக்கச் சூடான காற்றே வராது என்பதை உரிமையாளருக்கு எவரும் சொல்வதில்லை.

உள்ளே நடப்பது எளிதில் விளங்கக்கூடியதே. எஞ்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், அங்கே சூடேறி ஹீட்டர் கோர் வழியாக ஓடுகிறது. அதற்கு முன்னால் ஏசியின் கூலிங் கொயில் இருக்கிறது. கொயிலைக் கடந்து வரும் காற்றில் எவ்வளவு ஹீட்டர் கோர் வழியாகப் போக வேண்டும் என்பதை ஒரு சிறு கதவு தீர்மானிக்கிறது. இரு பக்கத்துக்கும் வெவ்வேறு வெப்பநிலை வைக்கக்கூடிய வாகனங்களில் அத்தகைய கதவுகள் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு மோட்டார் அசைக்கும். அம்மோட்டாரின் பிளாஸ்டிக் பற்கள் உடைந்தால் டாஷ்போர்ட்டுக்குப் பின்னாலிருந்து 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். பற்றரியைக் கழற்றி மாட்டிய பின் கதவு தன் நிலையை மறந்துவிடும் வாகனங்களும் உள்ளன. அவற்றுக்கு மீள்அளவமைப்பு, அதாவது கதவின் நிலையை மீண்டும் பதியவைத்தல், செய்தாலே போதும்.

வெப்பமானி ஒன்று இருந்தால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். எஞ்ஜின் நன்கு சூடேறிய பின், ஏசியை நிறுத்தி, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் இரு பக்கத்துக்கும் உச்ச வெப்பத்தை வைத்து, ஒவ்வொரு காற்றுவாயிலிலும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஏசியை இயக்கி, இரு பக்கத்துக்கும் ஆகக்குறைந்த வெப்பநிலையை வைத்து மீண்டும் அளக்க வேண்டும். குளிர் இரு பக்கமும் சமமாக இருந்து, சூடு மட்டும் ஒரு பக்கம் வெதுவெதுப்பாக வந்தால், ஹீட்டர் கோர் பகுதியாக அடைபட்டிருக்கலாம், அல்லது கூலன்ட் குறைந்தோ அதில் காற்று சிக்கியோ இருக்கலாம். கோருக்குச் செல்லும் குழாய் கொதித்து, திரும்பி வரும் குழாய் மிகவும் சூடு குறைந்திருந்தால் ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது. சூடு சமமாக இருந்து குளிர் மட்டும் வேறுபட்டால் காஸ் குறைவைச் சந்தேகிக்கலாம். ஏனெனில் காஸ் குறையும்போது கூலிங் கொயிலின் ஒரு பகுதி மட்டுமே குளிர்கிறது. ஆயினும் இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சூடான நிலையில் சிக்கிக்கொண்ட கதவும் இதே தோற்றத்தைத் தரும். ஆனால் அப்போது அந்தப் பக்கத்துக் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக வரும். காஸ் குறைவினால் அவ்வாறு நேராது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமையால் வீணாகும் பணம் கொஞ்சமன்று.

வெயிலை அளக்கும் உணரியையும் பார்க்க வேண்டும். தானியங்கி ஏசி உள்ள வாகனங்களில் அது டாஷ்போர்ட்டின் மேல், கண்ணாடியோரம் இருக்கும். மாலையில் நிலாவெளி நோக்கிச் செல்கையில் மேற்கு வெயில் இடப்பக்கத்தில் விழ, சில வாகனங்கள் அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே கூடுதலாகக் குளிர்விக்கின்றன. அது கோளாறன்று. உணரியைத் துணியோ சுவாமி படமோ மறைத்தால் அந்தக் கணிப்புப் பிழைக்கும்.

எமது ஊருக்கே உரிய ஒரு காரணத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது இங்கு சாதாரணம். கரையோரக் கிணறுகளின் உவர்நீரும் கல்சியம் மிகுந்த நீரும் ஹீட்டர் கோரின் நுண்குழாய்களில் படிந்து அடைப்பதோடு, அலுமினியத்தையும் அரிக்கின்றன. வாகனத்துக்கு உரிய கூலன்டையும் வடித்த நீரையுமே பயன்படுத்த வேண்டும்; எஞ்ஜின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பயணியின் காலடி விரிப்பு நனைந்து, இனிப்பான மணமும் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கும் தெரிந்தால் கோர் ஒழுகுகிறது. மணமற்ற தெளிந்த நீராயின், ஏசியின் வடிகுழாய் அடைபட்டிருப்பதே பெரும்பாலும் காரணம்.

ஏசியின் காஸ் எரிபொருளைப்போல் செலவாகும் ஒன்றன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது அதைக் காற்றில் விடுவதற்குச் சமம். பெரும்பாலான வாகனங்களின் ஏசியில் உள்ள ஆர்-134ஏ என்ற காஸ், அதே எடையுள்ள காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கக்கூடியது. மேலும், பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் வாகனங்களில் ஏசியின் காஸை அழுத்தும் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால், அதற்குரிய மின்காப்பு எண்ணெயையே இட வேண்டும். சாதாரண வாகனங்களுக்கான எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்கசிவு ஏற்பட்டு, விலையுயர்ந்த கொம்பிரசரையே மாற்ற நேரிடலாம்.

எமது மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்கள் மேற்கூறிய சோதனையை ஏசிப் பாடத்தின் தொடக்கத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கராஜ் நடத்துவோர் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். வாகன உரிமையாளர்களும் அவற்றைப் பார்த்த பின்னரே பணத்தைச் செலுத்தட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாகனத் தொழினுட்பப் போதனாசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.