அண்டங்காக்கைக்குத் தெரிந்தது ஒரே சொல்தான், சார்

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ (அண்டங்காக்கை) கவிதையை நடத்தி முடித்த அன்று நீங்கள் சொன்ன தீர்ப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை. “துக்கத்தைக் கணக்குப் போட்டு எழுதியவன், இதில் கண்ணீர் எங்கே இருக்கிறது?” என்றீர்கள். அன்று வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. இப்போது இப்படிப் பொதுவில் கடிதமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

உங்கள் கட்சிக்கு வலுவான சாட்சி போவேதான். 1846 ஏப்ரலில் கிரஹாம்ஸ் மேகஸினில், இந்தக் கவிதையை எப்படி எழுதினேன் என்று அவர் எழுதிய கட்டுரை ஒரு வாக்குமூலம் போலவே இருக்கிறது. கவிதை சுமார் நூறு வரி இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்தாராம், 108 வந்தது. களம் அழகு, தொனி சோகம், ஆகவே பொருள் அழகிய பெண்ணின் மரணம். திரும்பத் திரும்ப ஒலிக்க ஒரு சொல் வேண்டும், அதில் ‘ஓ’வும் ‘ர்’ரும் இழுபட வேண்டும், கிடைத்தது ‘நெவர்மோர்’, இனி ஒருபோதும் இல்லை. அதை அலுக்காமல் சொல்ல அறிவில்லாத ஒரு பிராணி வேண்டும். முதலில் கிளியை நினைத்தார், பிறகு அண்டங்காக்கைக்கு மாறினார். கணிதப் புதிரை அவிழ்ப்பதுபோல எழுதினேன், தற்செயலுக்கு இதில் இடமே இல்லை என்கிறார்.

இதை அப்படியே நம்ப என்னால் முடியவில்லை. டிக்கன்ஸின் ‘பார்னபி ரட்ஜ்’ நாவலில் கிரிப் என்று ஒரு பேசும் அண்டங்காக்கை வருகிறது. அந்த நாவலுக்கு மதிப்புரை எழுதியபோது, அந்தப் பறவையின் கரைதலை வரப்போவதை முன்னறிவிக்கும் குரலாக ஆக்கியிருக்கலாமே என்று குறைபட்டவர் போ. கட்டுரையின் தொடக்கத்திலேயே அந்த நாவலைப் பற்றிப் பேசுகிறார். பறவையைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. (டிக்கன்ஸ் வளர்த்த அசல் கிரிப், பாடம் செய்யப்பட்டு, இன்றும் ஃபிலடெல்ஃபியா பொது நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது.)

சரி, கட்டுரை முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டார் சார், ஒப்புக்கொள்கிறேன். எதைக் கணக்குப் போட்டார்?

டிசம்பர் நள்ளிரவு. அணையப்போகும் தணல், தரையில் அதன் நிழல்கள், சலசலக்கும் ஊதாத் திரை. இறந்துபோன காதலி லெனோரை மறக்கப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பவன் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறக்கிறான். வெளியே இருட்டு. இந்த இடத்தைத் தேர்வுக் கையேடுகள் ‘சூழல் வருணனை’ என்று ஒரே வரியில் கடந்துவிடும். ஆனால் அவன் இருட்டைப் பார்த்து என்ன செய்கிறான்? “லெனோர்?” என்று மெல்லக் கேட்கிறான். எதிரொலி அதே பெயரைத் திருப்பித் தருகிறது. பறவை இன்னும் வரவே இல்லை. அதற்குள்ளாகவே, தான் சொன்னதையே பதிலாகக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவனிடம் இருக்கிறது. பயமுறுத்துவதற்காக மட்டும் வைத்த இருட்டு இல்லை அது.

முதல் ஏழு ஸ்டான்ஸாக்களில் (கவிதைப் பத்திகளில்) ஆறு, ‘வேறொன்றுமில்லை’ என்றே முடிகின்றன. காற்றுதான், வேறொன்றுமில்லை. யாரோ விருந்தாளி, வேறொன்றுமில்லை. தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ளும் குரல் இது. எட்டாவதில்தான் நெவர்மோர் வருகிறது. அதுவும் வேடிக்கையாகவே வருகிறது: பறவையின் மிடுக்கைப் பார்த்து அவன் சிரித்து, மரியாதையாகப் பெயர் கேட்கிறான். பாவம், எந்தத் துரதிர்ஷ்டசாலி எஜமானிடம் இந்த ஒற்றைச் சொல்லைக் கற்றதோ என்று பதினோராவதில் சரியாகவே ஊகிக்கிறான்.

ஆகவே அவனுக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும் என்று தெரிந்த பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பறவைக்கு எதிரே உட்காருகிறான்.

பதின்மூன்றாவது ஸ்டான்ஸாவை மட்டும் தயவுசெய்து மறுபடி படியுங்கள். விளக்கு வெளிச்சம் விழும் அந்த வெல்வெட் மெத்தையில் அவள் இனிச் சாயப்போவதில்லை என்ற நினைப்பு வருகிறது. அந்த ‘நெவர்மோர்’ பறவை சொன்னதல்ல. அது வாயே திறக்கவில்லை. அவளைச் சேர்த்து அந்தச் சொல்லை முதலில் உச்சரிப்பவன் அவன்தான். அதற்குப் பிறகு வரும் கேள்விகளின் வரிசையைப் பாருங்கள்: இவளை மறக்க மருந்து உண்டா? காயத்துக்குக் கிலேயாத்தின் தைலம், பைபிள் சொல்லும் அந்த ஆற்றும் மருந்து, உண்டா? சொர்க்கத்திலாவது அவளைத் தழுவுவேனா? ஒவ்வொரு கேள்வியிலும் பந்தயத் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறான். தோற்பது உறுதி என்று தெரிந்தே, மிச்சம் இருக்கும் கடைசி நம்பிக்கையையும் கொண்டுவந்து வைக்கிறான். மனிதனுக்குத் தன்னையே வதைத்துக்கொள்ளும் தாகம் உண்டு என்று போ அந்தக் கட்டுரையில் சொல்கிறார். நீங்கள் கணக்கு என்றது இந்த ஏறுவரிசையைத்தான் என்றால், துக்கத்தில் இருப்பவர்களும் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள், சார். எந்த டாக்டரிடம் முதலிலேயே போயிருக்கலாம், எந்த ராத்திரி தூங்காமல் இருந்திருக்கலாம் என்று.

குறியீடு விஷயத்திலும் கையேடுகளோடு எனக்குச் சண்டை உண்டு. ‘காகம் = மரணம்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பறவை உள்ளே வரும்போது அது எதற்கும் குறியீடு இல்லை. புயலுக்கு ஒதுங்கிய பறவை. என் நெஞ்சிலிருந்து உன் அலகை எடு என்று பதினேழாவதில் அவன் கத்தும்போதுதான் கவிதையின் முதல் உருவகமே வருகிறது. இதைப் போவே சொல்லியிருக்கிறார். அதுவரை வாசகன் பறவையாகவே பார்த்ததை, முடியாத நினைவின் சின்னமாகப் பார்க்கத் தொடங்குவது அங்கேதான். குறியீடாக அதை ஆக்கியவன் கேள்வி கேட்டவன். பாலாஸ் சிலை, அதாவது அறிவுத் தேவதையின் வெள்ளைப் பளிங்குத் தலை, அதன்மேல் கறுப்புப் பறவை என்பது கொஞ்சம் அப்பட்டம்தான். ஆனாலும் அவனுக்கு எல்லாம் தெரிந்தும் தப்ப முடியாமல் போவதை அந்தச் சிலை நன்றாகவே தாங்குகிறது.

கண்ணீர் எங்கே என்றீர்களே. 1842 ஜனவரியில் போவின் மனைவி விர்ஜீனியா பாடிக்கொண்டிருந்தபோது வாயிலிருந்து ரத்தம் வந்தது. காசநோய். பிழைக்க மாட்டாள் என்று விடைபெற்றார்; தேறினாள்; மறுபடி ரத்தம். இப்படியே ஆண்டுகள். நம்பிக்கைக்கும் விரக்திக்கும் நடுவே முடிவில்லாமல் ஊசலாடியதுதான் தன்னால் தாங்க முடியாததாக இருந்தது என்று, அவள் போன பிறகு, 1848இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1845 ஜனவரி 29 அன்று கவிதை நியூயார்க் ஈவ்னிங் மிரரில் வெளியானபோது அவள் உயிரோடுதான் இருந்தாள். கணக்குக் கட்டுரை அச்சேறியபோதும் இருந்தாள். 1847 ஜனவரி 30 அன்று ஃபோர்டாமில் இறந்தாள். வரப்போவது என்னவென்று தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருந்த ஒருவர்தான் அந்தக் கட்டுரையை எழுதினார் என்பதை நீங்கள் எங்களிடம் சொல்லவே இல்லை.

உங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியவையும் உண்டு. மெத்து மெத்தென்ற கம்பளத்தில் தேவதூதர்களின் காலடி கிணுகிணுக்கிறது என்பது எதுகைக்காக வந்த வரி, காப்பாற்ற முடியாது. விளக்கு பறவைக்கு மேலே எப்படி வந்தது, கடைசி ஸ்டான்ஸாவில் அதன் நிழல் தரையில் எப்படி விழுந்தது என்ற கேள்விக்கு, கதவுக்கு மேலே சுவரில் பதித்த விளக்குத் தண்டை மனதில் வைத்திருந்தேன் என்று போ ஒரு கடிதத்தில் பதில் சொல்லிச் சமாளித்தார். எனக்கு அதில் திருப்தி இல்லை. சந்தமும் பல இடங்களில் மிகை. பதின்மூன்றாவது ஸ்டான்ஸாவை மட்டும் விடமாட்டேன். படித்துவிட்டு மறுப்பு எழுதுங்கள், முன்பு போலச் சிவப்பு மையிலேயே.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்