அம்மை என்று காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலச் சருமப் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, கரப்பான் எனப்படும் எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ள குழந்தைகளுக்குத் தொற்று எளிதில் பிடிக்கும் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது.

இக்குழந்தைகள் பலரின் தோலில், மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவாக இருக்கிறது. எக்ஸிமாவுக்கும் இப்புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு 2006இல் தெரியவந்தது. ஆனால் தோல் வறண்டு வெடிப்பது மட்டுமே காரணமன்று. தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸ் நோயாளியின் தோலும் அழன்றுதான் இருக்கிறது. எனினும் அங்கே கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகள் என்ற சிறு புரதத் துணுக்குகள் ஏராளமாகச் சுரப்பதால் தொற்று அரிது. எக்ஸிமாவில் ஒவ்வாமையைத் தூண்டும் இன்டர்லூகின் 4, 13 ஆகிய நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதங்கள் அந்தச் சுரப்பையே அடக்கிவிடுகின்றன. அதனால்தான் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா அங்கே குடியேறி, சொறிந்த இடத்தில் தேன் நிறப் பொருக்கு கட்டுகிறது.

இதைவிட அஞ்ச வேண்டியது ஹெர்ப்பிஸ் வைரஸ். உதட்டோரத்தில் கொப்புளம் உள்ள பெரியவர் கொஞ்சி முத்தமிட்டாலே எக்ஸிமா உள்ள குழந்தைக்கு இவ்வைரஸ் தொற்றிக்கொள்ளும். காய்ச்சலுடன் ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகத் தோன்றி, உடைந்து, துளையிட்டதுபோன்ற புண்களாகும். கண்ணருகே பரவினால் பார்வைக்கே ஆபத்து. தில்லியில் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் இதை அம்மை என்று கருதி, வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை மருந்தே கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். இவ்வைரஸுக்கு எதிரான அசைக்ளோவிர் மருந்தோ எவ்வளவு சீக்கிரம் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது. நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. வேப்பிலை வாசலில் இருக்கட்டும், குழந்தை அன்றைக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்புகளும் இந்நேரத்தில் கூடாது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று 2018இல் அரசு அறிவித்தும் விற்பனை நின்றபாடில்லை. அக்கம்பக்கத்தார் பரிந்துரைக்கும் கடுகெண்ணெய் மசாஜையும் தவிர்ப்பது நல்லது. அது தோலை மேலும் எரிச்சலூட்டக்கூடும். அன்றாடப் பராமரிப்புக்கு, குளித்ததும் ஈரம் காயுமுன் வாசனையற்ற மாய்ஸ்சரைசர் தடவினால் போதும்.

அம்மைக் கொப்புளத்தையும் இந்த ஹெர்ப்பிஸ் கொப்புளத்தையும் அருகருகே படமாக வெளியிட்டு, தோல் மருத்துவர் ஒருவரின் விளக்கத்தையும் தங்கள் மருத்துவப் பக்கத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயூர் விஹார், தில்லி